குரோமிலிருந்து பயர்பாக்ஸுக்கு: எதை எடுத்துச் செல்வது, எந்த வரிசையில் எடுத்துச் செல்வது

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எழுதிவிட்டுப் பதிலைத் தொடங்குகிறேன். பத்தாண்டுகளுக்கு மேலாக விண்டோஸ் கணினியில் குரோம் உலாவியைப் பயன்படுத்தி வருகிறீர்கள். நீங்கள் நம்பியிருந்த விளம்பரத் தடுப்பு நீட்சி (எக்ஸ்டென்ஷன்) ஒருநாள் நின்றுபோய்விட்டது. அதனால் பயர்பாக்ஸுக்கு மாற நினைக்கிறீர்கள். ஆனால் முந்நூறுக்கும் மேற்பட்ட கடவுச்சொற்கள் குரோமில் சேர்ந்து கிடக்கின்றன; அதே கணினியை உங்கள் மனைவியும் பயன்படுத்துகிறார்; தமிழில் தட்டச்சு செய்வதற்கும் ஒரு குரோம் நீட்சியைத்தான் நம்பியிருக்கிறீர்கள்; வங்கித் தளங்கள் ஒழுங்காகத் திறக்குமா என்ற ஐயமும் இருக்கிறது. மாறலாமா, மாறினால் எதையெல்லாம் இழக்க நேரும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாறலாம். புதிய உலாவியை நிறுவுவதற்கு ஐந்து நிமிடம் போதும். ஆனால் பழைய உலாவிக்குள் சேர்ந்திருப்பவற்றை, முதன்மையாகக் கடவுச்சொற்களை, எதுவும் தொலையாமலும் யார் கண்ணிலும் படாமலும் இடம் மாற்றுவதற்கு ஒரு மாத காலம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த ஒரு மாதமும் இரண்டு உலாவிகளும் கணினியில் இருக்கட்டும். ஒரே மாலையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டுப் பழையதை அன்றைக்கே நீக்கிவிடுபவர்கள்தான் பெரும்பாலும் பின்னால் அவதிப்படுகிறார்கள். இந்தப் பதில் நீளமாக இருப்பதற்கும் அதுவே காரணம்.

முதலில், உங்கள் நீட்சி ஏன் நின்றது என்பதைப் பார்த்துவிடுவோம். எந்த உலாவிக்குப் போவது என்ற முடிவு அதைப் பொறுத்தது. குரோமின் நீட்சிகளுக்கான விதிமுறைத் தொகுப்பின் மூன்றாம் பதிப்பை ‘மேனிஃபெஸ்ட் வி3’ என்கிறார்கள். பழைய முறையில், ஒரு பக்கம் திறக்கும்போது உலாவி வெளியே அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளையும் நீட்சி இடைமறித்துப் பார்த்து, அனுப்பலாமா கூடாதா என்று அந்தக் கணத்திலேயே முடிவு செய்ய முடிந்தது. புதிய முறையில் நீட்சி தன் விதிகளைப் பட்டியலாக முன்கூட்டியே உலாவியிடம் ஒப்படைத்துவிட வேண்டும். அவற்றைப் பொருத்திப் பார்த்துத் தடுக்கும் வேலையை உலாவியே செய்துகொள்கிறது. எல்லா வேண்டுகோள்களையும் பார்க்கும் உரிமை தீய நீட்சிகளின் கையில் ஆபத்தானது, வேகத்தையும் குறைக்கிறது என்று கூகுள் சொல்லும் காரணத்தை நான் ஒதுக்கிவிடவில்லை. அந்த உரிமை தவறாகப் பயன்படுத்தப்பட்டது உண்மை. ஆனால் ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளாக் ஆரிஜின் போன்ற நல்ல தடுப்பான்களின் திறன் முழுவதும் அந்த உரிமையில்தான் இருந்தது. 2024ஆம் ஆண்டின் நடுவில் தொடங்கி, ஓராண்டுக்குள் பழைய வகை நீட்சிகள் குரோமில் படிப்படியாக நிறுத்தப்பட்டுவிட்டன. புதிய விதிகளுக்கு ஏற்ப ரேமண்ட் ஹில்லே யூபிளாக் ஆரிஜின் லைட் என்ற சிறிய நீட்சியையும் தருகிறார். பலருக்கு அதுவே போதுமானது; ஆனால் முழுமையான நீட்சிக்கு அது ஈடாகாது. பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லா அமைப்போ அதில் இரண்டு முறைகளையும் ஆதரிக்கப்போவதாக அறிவித்து, அப்படியே செய்தும் வருகிறது.

விளம்பரத் தொல்லை ஒன்றுதான் உங்கள் குறை என்றால், பயர்பாக்ஸ் மட்டுமே வழி என்று சொல்ல மாட்டேன். பிரேவ் உலாவியில் தடுப்பான் நீட்சியாக இல்லாமல் உலாவியின் உள்ளேயே கட்டப்பட்டிருப்பதால் மேற்சொன்ன விதிமாற்றம் அதைப் பாதிப்பதில்லை. குரோமுக்கும் அடிப்படையான குரோமியம் என்ற திறந்த மூலநிரலின் மேல் அது அமைந்தது என்பதால் உங்கள் தளங்கள் இன்று குரோமில் திறப்பது போலவே அதிலும் திறக்கும், மாறுவதும் எளிது. இருந்தும் நான் பயர்பாக்ஸைப் பரிந்துரைப்பதற்கு வேறொரு காரணம் இருக்கிறது.

இன்று புழக்கத்தில் இருக்கும் உலாவிகளின் பெயர்கள் பல என்றாலும், வலைப்பக்கத்தை வாசித்துத் திரையில் வரைந்து காட்டும் பொறிகளில் பரவலாகப் பயன்படுபவை மூன்றே. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி ஆகிய அனைத்தும் கூகுளின் பிளிங்க் பொறியில் ஓடுகின்றன. ஆப்பிளின் சஃபாரி வெப்கிட் பொறியில் ஓடுகிறது. அந்த வெப்கிட்டிலிருந்து 2013இல் பிரிந்ததுதான் பிளிங்க். பயர்பாக்ஸ் கெக்கோ என்ற தன் சொந்தப் பொறியில் ஓடுகிறது. ஓபரா 2013இல் தன் பொறியைக் கைவிட்டது. மைக்ரோசாப்ட் 2020 ஜனவரியில் குரோமியம் அடிப்படையிலான எட்ஜை வெளியிட்டது. இப்படி ஒவ்வொன்றாகக் குறைந்து, உலக அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பயன்பாடு குரோம் ஒன்றிடமே வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரே உலாவியின் ஆதிக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் ஒருமுறை பார்த்திருக்கிறோம். இன்டர்நெட் எக்ஸ்புளோரரின் ஆறாம் பதிப்பு 2001இல் வந்தது. ஏழாம் பதிப்பு வருவதற்கு 2006 ஆயிற்று. போட்டி இல்லாத அந்த ஐந்தாண்டுகளில் அந்த உலாவி ஏறக்குறைய உறைந்துபோய் நின்றது. தென்கொரியாவின் கதை இன்னும் கடுமையானது. இணைய வங்கிச் சேவைக்கான சான்றிதழ் முறை அங்கே ஆக்டிவ்எக்ஸ் என்ற தொழில்நுட்பத்தின் மேல் கட்டப்பட்டது. ஆக்டிவ்எக்ஸ் இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் மட்டுமே ஓடும். அதனால் உலகம் வேறு உலாவிகளுக்குப் போன பிறகும் அந்நாட்டு மக்கள் வங்கிப் பணிக்காகவும் அரசுப் பணிக்காகவும் பல ஆண்டுகள் அந்தப் பழைய உலாவியோடு கட்டுண்டு கிடந்தார்கள். அரசு ஏற்புப் பெற்ற அந்தச் சான்றிதழுக்கு இருந்த தனிநிலை 2020 டிசம்பரில்தான் நீக்கப்பட்டது. 2004 நவம்பரில் வெளிவந்த பயர்பாக்ஸ் 1.0 தன் பங்குக்குப் போட்டியை மீட்டுத் தந்திராவிட்டால், மற்ற நாடுகளும் அந்த வழியில் இன்னும் நெடுந்தூரம் போயிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தனிப் பொறியுள்ள ஓர் உலாவி உயிரோடு இருக்க அதைப் பயன்படுத்தும் மக்கள் வேண்டும்; உங்கள் ஒரு கணினியும் அந்தக் கணக்கில் சேரும்.

அதே நேரத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மொசில்லாவின் வருவாயில் பெரும்பகுதி, பயர்பாக்ஸின் இயல்புத் தேடுபொறியாகக் கூகுளை வைத்திருப்பதற்காகக் கூகுள் கொடுக்கும் பணம்தான். கூகுளிடமிருந்து முற்றாக விலகுவதாக எண்ணிக்கொண்டு நீங்கள் மாறினால் அது முழு உண்மையாகாது. தேடுபொறியை அமைப்புகளில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

இனி வேலைக்கு வருவோம். உலாவியைத் தொடுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. புதிய உலாவியில் எந்தத் தளத்துக்கும் உங்களை அடையாளம் தெரியாது. ‘இந்தக் கணினியை நினைவில் வைத்துக்கொள்’ என்று நீங்கள் எப்போதோ ஒப்புதல் கொடுத்ததெல்லாம் குக்கிகளில், அதாவது தளங்கள் உங்கள் உலாவியில் விட்டுவைக்கும் சிறு குறிப்புகளில், பதிந்திருக்கிறது. அவற்றை நம்பிக்கையோடு இடம் மாற்ற வழியில்லை. எனவே ஒவ்வொரு தளத்திலும் புதிதாக உள்நுழைய வேண்டும். பலவற்றில் ஓடிபி கேட்கும். சில வங்கிகள் புதிய கருவியிலிருந்து உள்நுழைவு நடந்ததாக எச்சரிக்கையும் அனுப்பும். ஆகவே உங்கள் முதன்மை மின்னஞ்சல் கணக்கில் பதிந்துள்ள கைபேசி எண் இன்றும் உங்களிடம் உள்ளதா, மீட்பு மின்னஞ்சல் முகவரி சரியானதா என்று குரோமில் உள்நுழைந்த நிலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். கைபேசி கையில் இல்லாதபோது உள்நுழைவதற்காக மாற்றுக் குறியீடுகள் என்று கூகுள் தரும் எண்களை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள். பத்தாண்டுகளுக்கு முன்பு கொடுத்த எண் இப்போது வேறொருவர் கையில் இருப்பது அரிதான செய்தி அல்ல. வருமானவரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கடைசி வாரம், பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பக் காலம் போன்ற நெருக்கடியான நாள்களில் இந்த மாற்றத்தைத் தொடங்காதீர்கள்.

அடுத்தது கடவுச்சொற்கள். பயர்பாக்ஸை முதன்முறை திறக்கும்போது, வேறு உலாவியிலிருந்து தரவைக் கொண்டுவரட்டுமா என்று அதுவே கேட்கும். புத்தகக்குறிகளும் வரலாறும் அந்த வழியில் எளிதாக வந்துவிடும். கடவுச்சொற்கள் அப்படி வராமல் போகலாம். ஏனென்றால், உலாவியின் கோப்புகளைப் படித்துக் கணக்குகளைத் திருடும் நச்சு நிரல்கள் பெருகியதால், குரோம் 2024இலிருந்து விண்டோஸில் தன் தரவைப் பிற நிரல்கள் திறக்க முடியாதபடி மறையாக்கத்தை இறுக்கி வருகிறது. இது வரவேற்க வேண்டிய பாதுகாப்பு. நமக்கு ஒரு படி கூடுதல் வேலை, அவ்வளவுதான். குரோமில் கூகுள் கடவுச்சொல் நிர்வாகியைத் திறந்து, அதன் அமைப்புகளுக்குள் சென்று, கடவுச்சொற்களை ஏற்றுமதி செய்யும் கட்டளையைக் கொடுத்தால், உங்கள் விண்டோஸ் கடவுச்சொல்லையோ பின் எண்ணையோ கேட்டுவிட்டு ஒரு சி.எஸ்.வி. கோப்பைத் தரும். பயர்பாக்ஸின் கடவுச்சொல் பக்கத்தில் உள்ள பட்டியலில் ‘கோப்பிலிருந்து கொண்டுவா’ என்ற பொருளில் ஒரு கட்டளை இருக்கும். அதில் அந்தக் கோப்பைக் காட்டினால் எல்லாம் உள்ளே வந்துவிடும்.

அந்தக் கோப்பைப் பற்றிச் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அது வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பூட்டும் கிடையாது. நோட்பேடில் திறந்தால் முந்நூறு தளங்களின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் வரிவரியாகத் தெரியும். சில ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் ஒருவருக்கு நான் இதே மாற்றத்தைச் செய்து கொடுத்தேன். இறக்குமதி முடிந்த மகிழ்ச்சியில் கோப்பை அழிக்க மறந்துவிட்டேன். அவருடைய கணினியில் பதிவிறக்கக் கோப்புறை தானாகவே ஓர் இணையச் சேமிப்பகத்துக்குப் போய்ச் சேரும்படி அமைந்திருந்தது எனக்குத் தெரியாது. ஏழு மாதம் கழித்து அவர் வீட்டுப் பிள்ளை அந்தச் சேமிப்பகத்தில் ஒரு படத்தைத் தேடும்போது அந்தக் கோப்பு கண்ணில் பட்டது. வெளியார் எவரும் எடுத்ததற்கான அறிகுறி இல்லை. என்றாலும் வங்கியிலிருந்து தொடங்கி ஐம்பதுக்கும் மேற்பட்ட கணக்குகளின் கடவுச்சொற்களை இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினோம். அந்தத் தவறு முழுவதும் என்னுடையது. அதற்குப் பிறகு நான் இந்தக் கோப்பை இணையச் சேமிப்பகத்தோடு ஒத்திசைவு இல்லாத ஒரு கோப்புறையில் மட்டுமே சேமிக்கிறேன். இறக்குமதி முடிந்து பத்துக் கணக்குகளைச் சோதித்த கையோடு, ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு நிரந்தரமாக அழிக்கிறேன். நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பு இது முடிந்தாக வேண்டும் என்பதை விதியாகவே வைத்திருக்கிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அந்தக் கோப்பை அனுப்பிக்கொள்ள வேண்டாம்.

அதை எக்செலில் திறந்து சேமிக்கவும் வேண்டாம். பார்ப்பதற்கு அட்டவணை போல இருப்பதால் பலர் இதைச் செய்துவிடுகிறார்கள். எக்செல் எண்களைப் போலத் தோன்றும் எதையும் எண்ணாகவே எடுத்துக்கொள்ளும். பூச்சியத்தில் தொடங்கும் வாடிக்கையாளர் எண்ணின் முன்பூச்சியம் காணாமல் போகும், நீண்ட நுகர்வோர் எண்கள் அடுக்குக்குறி வடிவத்துக்கு மாறிவிடும். சேமித்த பிறகு மூலத்தை மீட்க முடியாது. கடவுச்சொல்லோடு சேர்த்து நீங்கள் குரோமில் ஏதாவது குறிப்பு எழுதி வைத்திருந்தால், அது புதிய இடத்துக்கு வந்திருக்கிறதா என்று தனியே பாருங்கள். பாதுகாப்புக் கேள்விகளின் விடைகளை அங்கே எழுதி வைப்பவர்கள் உண்டு.

கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பயன்படும் பாஸ்கீக்கள் இந்தக் கோப்பில் வரவே வராது. கைரேகையாலோ முகத்தாலோ உள்நுழையும் வசதியைச் சில தளங்களில் நீங்கள் ஏற்படுத்தியிருக்கலாம். அதற்கான திறவுகோல் விண்டோஸின் சொந்த உள்நுழைவு வசதியான விண்டோஸ் ஹலோவில் சேமிக்கப்பட்டிருந்தால் பயர்பாக்ஸிலும் அது செயல்படும், கூகுள் கடவுச்சொல் நிர்வாகியில் இருந்தால் அதை இப்படி எடுத்துச் செல்ல முடியாது. அத்தகைய தளங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் புதிதாக ஒரு பாஸ்கீ உருவாக்குங்கள். அதுவரை பழையதை அழிக்க வேண்டாம்.

பயர்பாக்ஸில் இயல்பாக அணைந்தே இருக்கும் ஓர் அமைப்பை நீங்கள் கட்டாயம் இயக்க வேண்டும். அதன் பெயர் முதன்மைக் கடவுச்சொல். அது இல்லாத நிலையில், உங்கள் விண்டோஸ் கணக்கின் கோப்புகளை எடுக்க முடிந்த எவரும் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து, வேறொரு கணினியில் வைத்துக் கடவுச்சொற்களைப் படித்துவிடலாம். முதன்மைக் கடவுச்சொல் ஒன்றை ஏற்படுத்திவிட்டால் அது தெரியாமல் திறக்க முடியாது. இன்னொரு வழியும் உண்டு; என் விருப்பம் அதுதான். கடவுச்சொற்களை எந்த உலாவியிலும் வைக்காமல் பிட்வார்டன், கீபாஸ்எக்ஸ்சி போன்ற தனி நிர்வாகி ஒன்றில் வைத்துக்கொள்வது. முன்னது இணையம் வழியாக எல்லாக் கருவிகளிலும் கிடைக்கும். பின்னது உங்கள் கணினியிலேயே பூட்டிய ஒரே கோப்பாக இருக்கும். குரோமிலிருந்து எடுத்த அதே கோப்பை இவை இரண்டும் ஏற்றுக்கொள்கின்றன. அடுத்த முறை உலாவி மாறும்போது கடவுச்சொல் பற்றிய கவலையே இருக்காது.

புத்தகக்குறிகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நேரடி இறக்குமதியிலேயே வந்துவிடும். வராவிட்டால் குரோமிலிருந்து எச்.டி.எம்.எல். கோப்பாக ஏற்றுமதி செய்து பயர்பாக்ஸில் கொடுங்கள். அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்தால் முதல் வரியில் நெட்ஸ்கேப் என்ற பெயர் தென்படும். 1994இல் வந்த அந்த உலாவியின் புத்தகக்குறி வடிவத்தைத்தான் இன்றைக்கும் எல்லா உலாவிகளும் பொதுமொழியாக வைத்துக்கொண்டிருக்கின்றன. நெட்ஸ்கேப் நிறுவனம் 1998இல் தன் மூலநிரலைப் பொதுவெளியில் வைத்ததிலிருந்து பிறந்ததே மொசில்லா திட்டம். இந்தக் கோப்பின் ஒரு நகலை எப்போதும் வைத்திருங்கள். அதில் மறைக்க வேண்டியது பெரும்பாலும் எதுவும் இருக்காது.

நீட்சிகளை இடம் மாற்ற முடியாது. பயர்பாக்ஸின் நீட்சித் தளத்திலிருந்து புதிதாகத்தான் நிறுவ வேண்டும். யூபிளாக் ஆரிஜினை நிறுவுங்கள். மற்றவற்றை உடனே தேடாமல், எதன் இல்லாமை உண்மையில் உறுத்துகிறது என்று ஒரு வாரம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குரோமில் பதினைந்து நீட்சிகள் வைத்திருந்த பலருக்கு நான்கு போதும் என்று தெரியவரும். ஒரே பெயரில் போலிகள் இருப்பதால் உருவாக்கியவர் பெயரைப் பார்த்து நிறுவுங்கள்.

தமிழ்த் தட்டச்சு பற்றிக் கேட்டிருந்தீர்கள். உலாவி நீட்சி வழியாகத் தமிழ் எழுதும் பழக்கத்தை விட்டுவிடுவதற்கு இது நல்ல வாய்ப்பு. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றின் மொழி அமைப்புகளில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகையும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதும் தமிழ் விசைப்பலகையும் கிடைக்கும். ஆங்கில எழுத்துகளால் ‘அம்மா’ என்று தட்டித் தமிழில் பெறும் பழக்கம் உள்ளவர்களுக்குப் பின்னது ஒத்துவரும். இயக்குதளத்தின் விசைப்பலகை எந்த உலாவியிலும், வேர்டிலும், கோப்பின் பெயர் எழுதும் இடத்திலும் ஒன்றுபோல வேலை செய்யும். இ-கலப்பை போன்ற தனிச் செயலிகளும் அப்படியே. இன்னொன்று: பயர்பாக்ஸின் பட்டியல்களும் அமைப்புகளும் தன்னார்வலர்களின் உழைப்பால் தமிழிலேயே கிடைக்கின்றன. உங்கள் வீட்டில் ஆங்கிலம் தயங்கித் தயங்கி வாசிப்பவர் இருந்தால் அவருடைய கணக்கில் அதை இயக்கிப் பாருங்கள்.

உங்கள் மனைவியும் நீங்களும் ஒரே விண்டோஸ் கணக்கைப் பகிர்ந்துகொள்வதாகத் தெரிகிறது. இதைப் பிரித்துவிடுங்கள். உலாவிக்குள் இரண்டு சுயவிவரங்கள் வைத்துக்கொள்ள முடியும் என்றாலும், அது வசதிக்கான தடுப்பே தவிரப் பாதுகாப்புச் சுவர் ஆகாது. ஒருவர் தவறுதலாகப் பதிவிறக்கும் நச்சு நிரல் இருவர் கடவுச்சொற்களையும் எடுத்துவிடும். விண்டோஸில் இருவருக்கும் தனித்தனிக் கணக்குகள் இருந்தால் பயர்பாக்ஸும் தானாகவே தனித்தனியாகிவிடும். உங்கள் ஒருவருக்கே இரண்டு மின்னஞ்சல் கணக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைக்கும் தேவை இருந்தால், அதற்கு மொசில்லாவே வெளியிடும் பல்கணக்குக் கொள்கலன் நீட்சி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு தாவலுக்கும் ஒரு நிறம் கொடுத்து, ஒரு நிறத் தாவலின் குக்கிகளை இன்னொரு நிறத் தாவல் அறியாதபடி அது பிரித்து வைக்கும். குரோமில் இதற்கு இணையான ஒன்றை நான் பார்த்ததில்லை. அலுவலகக் கணக்கையும் சொந்தக் கணக்கையும் மாற்றி மாற்றித் திறப்பவர்களுக்கு இந்த ஒன்றுக்காகவே மாறலாம் என்பேன்.

வங்கித் தளங்களும் அரசுத் தளங்களும் பெரும்பாலும் தடையின்றித் திறக்கும். ஏதாவது ஒன்று பாதியில் நின்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். முகவரிப் பட்டையின் இடப்புறம் இருக்கும் கேடயக் குறியைச் சொடுக்கி அந்தத் தளத்துக்கு மட்டும் கண்காணிப்புத் தடுப்பை நிறுத்திப் பாருங்கள். பணம் செலுத்திய பின் வர வேண்டிய ரசீதுச் சாளரம் பாப்-அப் என்று தடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விளம்பரத் தடுப்பை அந்தத் தளத்துக்கு அணைத்துப் பாருங்கள். பணப் பரிமாற்றத்தின் நடுவே இவற்றைச் செய்ய வேண்டாம். பக்கத்தைப் புதுப்பிப்பதற்கு முன் கணக்கில் பணம் கழிந்திருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். மூன்றும் பயன் தராவிட்டால் அந்த ஒரு தளத்தைக் குரோமிலேயே திறந்து வேலையை முடித்துக்கொள்ளுங்கள். பிறகு பயர்பாக்ஸின் பட்டியலில் உள்ள ‘செயல்படாத தளத்தைத் தெரிவி’ என்ற கட்டளையின் வழியாக அதைத் தெரிவித்துவிடுங்கள். அப்படி வரும் புகார்களைக் கொண்டுதான் குறிப்பிட்ட தளங்களுக்கான திருத்தங்களை மொசில்லா பயர்பாக்ஸோடு சேர்த்தே வெளியிடுகிறது.

கேடயத்தின் பின்னால் நடப்பதைப் பற்றியும் சில சொற்கள். 2022 ஜூனிலிருந்து பயர்பாக்ஸ் ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் அந்தந்தத் தளத்துக்குரிய தனிப் பெட்டியில் இயல்பாகவே அடைத்து வைக்கிறது. செய்தித் தளத்தில் பதிந்த ஒரு விளம்பர நிறுவனம், நீங்கள் அடுத்துத் திறக்கும் கடைத் தளத்தில் அதே குக்கியைக் கொண்டு உங்களை அடையாளம் காண முடியாது. குரோமில் பிற தளக் குக்கிகளை ஒழிக்கப்போவதாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்த கூகுள், 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. உங்களுக்கு இதற்காகத் தனியே எந்த அமைப்பையும் மாற்ற வேண்டிய வேலை இல்லை.

ஒத்திசைவுக்கு, அதாவது உங்கள் தரவு எல்லாக் கருவிகளிலும் ஒன்றுபோலக் கிடைப்பதற்கு, மொசில்லா கணக்கு ஒன்றைத் தொடங்க வேண்டும். இங்கே ஒரு வேறுபாடு முக்கியமானது. பயர்பாக்ஸின் ஒத்திசைவுத் தரவு உங்கள் கணக்குக் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் திறவுகோலால் உங்கள் கணினியிலேயே மறையாக்கப்பட்டு வெளியே போகிறது. மொசில்லாவால் அதைப் படிக்க முடியாது. குரோமில் நீங்கள் ஒத்திசைவுக்கென்று தனியே ஒரு கடவுத்தொடர் (பாஸ்ஃபிரேஸ்) ஏற்படுத்தினால்தான் இந்த நிலை கிட்டும். இதன் மறுபக்கத்தையும் அறிந்திருங்கள்: மொசில்லா கணக்கின் கடவுச்சொல்லை மறந்து புதிதாக மாற்றினால், வழங்கியில் (சர்வரில்) இருக்கும் தரவை யாராலும் திறந்து தர இயலாது. கணினி நல்ல நிலையில் இருந்தால் அதிலிருந்து மீண்டும் மேலேறும். கணினியும் பழுதாகியிருந்தால் எல்லாம் போய்விடும். கணக்கைத் தொடங்கும் அன்றே மீட்புத் திறவுகோல் ஒன்றை உருவாக்கி, அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு ஃபோனிலும் மாறுவது நல்லது. 2023 டிசம்பரிலிருந்து அங்கே பயர்பாக்ஸில் நூற்றுக்கணக்கான நீட்சிகளை நிறுவ முடிகிறது; யூபிளாக் ஆரிஜினும் அதில் அடக்கம். ஐபோனாக இருந்தால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் விற்கும் ஐபோன்களில் எந்தப் பெயர் கொண்ட உலாவியும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் பொறியில்தான் ஓட வேண்டும். 2024இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்துக்குப் பணிந்து அங்கே அந்த விதி தளர்த்தப்பட்டது. எனவே ஐபோனில் பயர்பாக்ஸ் என்பது உங்கள் புத்தகக்குறிகளும் கடவுச்சொற்களும் கூடவே வரும் வசதிக்காகத்தான்.

எதை இழப்பீர்கள் என்று நேராகக் கேட்டிருந்தீர்கள். கூகுள் டாக்ஸை இணையம் இல்லாதபோது திருத்தும் வசதி குரோமிலும் எட்ஜிலும் மட்டுமே கிடைக்கிறது. உலாவியிலிருந்து நேரடியாக யூஎஸ்பி வழியாகவோ புளூடூத் வழியாகவோ கருவிகளோடு பேசும் தளங்கள் பயர்பாக்ஸில் வேலை செய்யாது. பள்ளிப் பிள்ளைகளின் மின்னணுப் பலகைகளுக்கு நிரல் ஏற்றும் சில தளங்கள் இந்த வகையைச் சேர்ந்தவை. பாதுகாப்புக் காரணம் காட்டி மொசில்லா இதை வேண்டுமென்றே தவிர்க்கிறது. பக்கங்களை மொழிபெயர்க்கும் வசதி இரண்டிலும் உண்டு. குரோம் பக்கத்தின் எழுத்தைக் கூகுளின் வழங்கிக்கு அனுப்பி மொழிபெயர்க்கிறது, பயர்பாக்ஸ் உங்கள் கணினிக்குள்ளேயே செய்கிறது. கமுக்கத்துக்குப் பின்னது நல்லது. மொழிகளின் எண்ணிக்கையில் முன்னது வெகுதூரம் முந்தி நிற்கிறது.

முதல் வாரத்தில் பயர்பாக்ஸை இயல்பு உலாவியாக அமைத்துவிடுங்கள். விண்டோஸ் அமைப்புகளில் செயலிகள் பகுதியில் இயல்புச் செயலிகள் என்ற இடத்தில் அது இருக்கிறது. இதைச் செய்யாவிட்டால் மின்னஞ்சலில் வரும் இணைப்புகள் எல்லாம் பழைய உலாவியிலேயே திறந்து, பழக்கம் மாறவே மாறாது. விண்டோஸின் தேடல் பெட்டியிலிருந்து திறக்கும் சில இணைப்புகள் மட்டும் அப்போதும் எட்ஜுக்கே போகும். அது உங்கள் அமைப்பில் உள்ள பிழை அல்ல.

ஒரு மாதம் கழிந்து, கடைசி ஒரு வாரமாகக் குரோமைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை என்றால் அதை நீக்கலாம். நீக்குவதற்கு முன்பு துப்புரவாக இருக்கட்டும் என்று எண்ணிக் குரோமில் உள்ள கடவுச்சொற்களை அழிக்கத் தொடங்காதீர்கள். கூகுள் கணக்கில் உள்நுழைந்த நிலையில் அழித்தால் அந்த அழிப்பு கணக்குக்கும் போய், அதே கணக்கு உள்ள உங்கள் ஃபோனிலிருந்தும் அவை மறைந்துவிடும். ஃபோனில் உள்ள செயலிகள் பல அவற்றைக் கொண்டுதான் உள்நுழைகின்றன. முதலில் குரோமில் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். பிறகு கட்டுப்பாட்டுப் பலகத்தில் குரோமை நீக்கும்போது உலாவல் தரவையும் சேர்த்து அழிக்கட்டுமா என்று கேட்கும் கட்டத்தில் குறியிடுங்கள். அது இந்தக் கணினியில் இருப்பதை மட்டுமே அழிக்கும். கூகுள் கணக்கில் இருக்கும் கடவுச்சொற்கள், ஃபோனில் தானாக நிரப்பும் சேவையை நீங்கள் பயர்பாக்ஸுக்கோ தனி நிர்வாகிக்கோ மாற்றி, சில வாரம் அது ஒழுங்காக ஓடுவதைப் பார்க்கும் வரை அங்கேயே இருக்கட்டும்.